அல்சூரில் ஓர் இடைத்தேர்தல்: விடுபட்ட பெயர்களும் ஆறு வார அவகாசமும்

2019 டிசம்பர் 5, வியாழக்கிழமை, பெங்களூரு சிவாஜிநகர் சட்டமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. அதற்கு முந்தைய இரண்டரை மாதத்தில், அல்சூர் மார்க்கெட்டை ஒட்டிய மூன்று தெருக்களில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் ஐந்து பேர் செய்த வேலையை இங்கே எழுதி வைக்கிறேன். யார் ஜெயிக்க வேண்டும் என்பதில் எங்கள் ஐவருக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. அந்தப் பேச்சு இதில் வராது. வேறு தொகுதியில் இதே வேலையை எடுத்துச் செய்பவர்களுக்கு நாங்கள் எங்கெங்கே தடுக்கி விழுந்தோம் என்பது தெரிய வேண்டும், அவ்வளவுதான். சம்பந்தப்பட்ட தெருக்காரர்கள் யாருடைய பெயரையும் சொல்லவில்லை.

## இடம் காலியானது

2019 ஜூலையில் கர்நாடகத்தில் காங்கிரஸ், மதச்சார்பற்ற ஜனதா தளம் கூட்டணி ஆட்சி நம்பிக்கை வாக்கெடுப்பில் கவிழ்ந்தது. அதையொட்டி, ராஜினாமா கொடுத்தும் சபைக்கு வராமலும் இருந்த 17 உறுப்பினர்களைச் சபாநாயகர் கே.ஆர். ரமேஷ் குமார் தகுதி நீக்கம் செய்தார். சிவாஜிநகர் உறுப்பினர் ரோஷன் பெய்க் பெயர் ஜூலை 28 அன்று வந்த உத்தரவில் இருந்தது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 151ஏ-யின்படி இப்படிக் காலியாகும் இடத்தை ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்தி நிரப்ப வேண்டும். சபையின் ஆயுள் ஒரு வருடத்துக்கும் குறைவாக இருந்தால் விலக்கு உண்டு. எங்கள் சபைக்கு 2023 வரை காலம் இருந்தது. ஆக, தேர்தல் வருவது உறுதி.

அல்சூரைப் பற்றி ஒரு வார்த்தை. 1809-இல் ஆங்கிலேயர் இங்கே தண்டு (ராணுவக் குடியிருப்பு) அமைத்தபோது மதராஸ் படையோடு வந்த தமிழ்க் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பேரப்பிள்ளைகள் இன்றும் இங்கே இருக்கிறார்கள். அப்புறம் தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கமிருந்து கட்டட வேலைக்கும் கார்மெண்ட்ஸ் வேலைக்கும் வந்தவர்கள். ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடந்து 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டதை நேரில் பார்த்தவர்கள் எங்கள் தெருவில் பலர். எல்லோருக்கும் கன்னடம் பேச வரும். படிக்கத் தெரிந்தவர்கள் இளையவர்கள்தான். நாங்கள் கையில் எடுத்த வாக்காளர் பட்டியல் கன்னடத்தில் இருந்தது.

## ஏப்ரலில் நடந்தது

இந்தக் கதை உண்மையில் அந்த வருடம் ஏப்ரல் 18 அன்று, மக்களவைத் தேர்தல் நாளில் தொடங்குகிறது. எங்கள் தெருவில் ஏழெட்டுக் குடும்பங்களுக்கு வாக்குச்சாவடியில் "உங்க பேரு இல்ல" என்று சொல்லிவிட்டார்கள். எல்லோர் கையிலும் அடையாள அட்டை இருந்தது. "கார்டு இருக்குல்ல சார், அப்புறம் என்ன?" என்று ஒரு ஆட்டோக்கார அண்ணன் அங்கேயே சண்டை போட்டார்.

அட்டை என்பது ஆள் இவர்தான் என்று காட்டுவதற்கு. வாக்குரிமை பட்டியலில் பெயர் இருப்பதால் வருவது. இந்த வேறுபாடு எங்களுக்கே அன்றைக்குத்தான் உறைத்தது.

காரணத்தைப் பின்னர் விசாரித்தோம். அந்தக் குடும்பங்கள் இருந்த வரிசை வீடுகளை உரிமையாளர் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்ட ஆரம்பித்திருந்தார். அவர்கள் இரண்டு தெரு தள்ளிக் குடிபோனார்கள். அதே தொகுதி, அதே மார்க்கெட், பிள்ளைகளுக்கு அதே பள்ளி. ஆனால் சரிபார்க்க வந்த பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) பார்த்தது வெறும் மனையை. 'இடம் மாறியவர்' என்று குறித்திருக்கிறார். நீக்குவதற்கு முன் அறிவிப்பு கொடுத்து விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்பது சட்டம். அனுப்பியிருந்தாலும் அந்தக் காகிதம் போய்ச் சேர அங்கே வீடே இல்லை. இதில் அந்த பி.எல்.ஓ. அம்மாவை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அங்கன்வாடி வேலைக்கு நடுவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களைப் பார்க்கிறவர் அவர்.

ஏப்ரல் முடிந்தது. "அடுத்த தேர்தலுக்குள்ள பாத்துக்கலாம்" என்று விட்டுவிட்டோம்.

## செப்டம்பர்: தப்பான தொடக்கம்

செப்டம்பர் 21 அன்று தேர்தல் ஆணையம் தேதி அறிவித்தது: அக்டோபர் 21 வாக்குப்பதிவு. மறுநாளே நாங்கள் கூடினோம். ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர், கார்மெண்ட்ஸில் இருபது வருடம் வேலை பார்த்த அக்கா ஒருவர், மேலே சொன்ன ஆட்டோக்கார அண்ணன், கன்னடம் நன்றாகப் படிக்கும் முதலாமாண்டுக் கல்லூரி மாணவி ஒருத்தி, நான். இடைத்தேர்தலில் கூட்டம் வராது, ஆகவே வீடு வீடாகப் போய் வாக்களிக்கச் சொல்வோம் என்று முடிவு செய்து, தமிழில் ஒரு துண்டு நோட்டீஸ் அடித்தோம்.

மூன்றாவது நாள், மூலையில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா நோட்டீஸை வாங்கிப் படித்துவிட்டுக் கேட்டார்: "ஓட்டு போடுன்னு சொல்றீங்க, சரி. லிஸ்ட்டுல எங்க பேரு ஏறிச்சா?"

பதில் எங்களிடம் இல்லை. அன்றைக்கே தேர்தல் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். அங்கே தெரிந்துகொண்டதுதான் இந்தப் பதிவிலேயே முக்கியமான விஷயம் என்று நினைக்கிறேன். வேட்புமனு தாக்கல் முடியும் நாளோடு பட்டியல் மூடப்படும். அதன் பிறகு அந்தத் தேர்தல் முடியும்வரை சேர்க்கவும் முடியாது, நீக்கவும் முடியாது. விண்ணப்பம் வந்ததும் ஆட்சேபணைக்காக ஏழு நாள் வைத்திருக்க வேண்டும் என்பதால், மனு தாக்கல் முடிய பத்து நாள் இருக்கும்போதே படிவம் உள்ளே போயிருக்க வேண்டும். மனு தாக்கலுக்குக் கடைசி நாள் செப்டம்பர் 30. பத்து நாள் கழித்தால் செப்டம்பர் 20. அதாவது, தேர்தல் தேதி அறிவிக்கப்படுவதற்கு முந்தைய நாளே எங்கள் காலக்கெடு முடிந்துவிட்டிருந்தது.

பொதுத் தேர்தல் எப்போது வரும் என்று ஓரளவு முன்கூட்டியே தெரியும். அதற்கு முன் பெயர் சேர்ப்பு முகாம் நடக்கும், விளம்பரம் வரும். இடைத்தேர்தல் அப்படிச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஓடுகிறவர் ஏற்கெனவே பின்தங்கிவிட்டார். ஏப்ரலில் திரும்பி வந்த அந்தக் குடும்பங்களை ஐந்து மாதம் சும்மா விட்டுவைத்தது எங்கள் தவறு.

## கிடைத்த ஆறு வாரம்

எங்களைக் காப்பாற்றியது உச்ச நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்த வழக்கு. தகுதி நீக்கம் செய்யப்பட்டவர்கள் மீண்டும் போட்டியிடலாமா என்ற கேள்வி அங்கே நிலுவையில் இருந்ததால், செப்டம்பர் கடைசி வாரத்தில் ஆணையம் தேர்தலைத் தள்ளிவைத்து, டிசம்பர் 5 என்று புதிய தேதி கொடுத்தது. (தகுதி நீக்கம் செல்லும், ஆனால் இடைத்தேர்தலில் நிற்கலாம் என்று நவம்பர் 13 அன்று தீர்ப்பு வந்தது.) புது அட்டவணைப்படி மனு தாக்கலுக்குக் கடைசி நாள் நவம்பர் 18. எங்கள் கணக்கில் நவம்பர் 8-க்குள் எல்லாப் படிவமும் போய்விட வேண்டும்.

புதிய தேதி தெரிந்த அன்று மாலை எடுத்த முடிவுகள் இவை. நோட்டீஸ் கொடுப்பதை நிறுத்துவது. எங்கள் மூன்று தெருவும் வரும் பாகங்களின் (தொகுதிப் பட்டியலின் உட்பிரிவுகள்) பட்டியலை இறக்கி அச்செடுத்து, கதவு கதவாகப் போய்ப் பெயரை வாசித்துச் சரிபார்ப்பது. எந்தக் கட்சியிடமும் ஒரு ஜெராக்ஸ் செலவுகூட வாங்காமல் இருப்பது. கடைசி முடிவால் கைக்காசு போனது. ஆனால் அதனால்தான் எல்லா வீட்டுக் கதவும் எங்களுக்குத் திறந்தது. ஒரு கட்சியின் பெயர் எங்கள் மேல் ஒட்டியிருந்தால் தெருவில் பாதி வீட்டில் திண்ணையோடு அனுப்பியிருப்பார்கள்.

மாணவி வாசிப்பாள், அண்ணன் குறித்துக்கொள்வார். வாசிக்கும்போதுதான் தெரிந்தது, 'இல்லை' என்று நினைத்த சில பெயர்கள் பட்டியலில் வேறு உருவத்தில் இருந்தன. தமிழில் ஒரு பெயர், அதை ஆங்கிலத்தில் ஒருவர் எழுத, ஆங்கிலத்திலிருந்து கன்னடத்துக்கு இன்னொருவர் மாற்ற, கயல்விழி மாதிரிப் பெயர்கள் அடையாளம் தெரியாமல் போயிருந்தன. 'ழ' வருகிற பெயரெல்லாம் பாடுபட்டிருந்தது. எம். என்ற தலைப்பெழுத்து ஒரு இடத்தில் பெயரின் கடைசிக்குப் போய்க் குடும்பப் பெயர்போல உட்கார்ந்திருந்தது. எழுத்துப்பிழை சிறியதாக இருந்து ஆள் யாரென்று தெளிவாக இருந்தால் வாக்களிக்கத் தடை இல்லை. ஆனாலும் படிவம் 8 கொடுத்துத் திருத்தச் சொன்னோம்.

நாங்கள் செய்த பெரிய பிழையையும் சொல்லிவிடுகிறேன். அதே தொகுதிக்குள் வீடு மாறினால் அப்போது படிவம் 8ஏ. இடித்த வீட்டுக்காரர்கள் எல்லோரும் தொகுதிக்குள்தான் இருக்கிறார்கள் என்று, எல்லோருக்கும் 8ஏ நிரப்பிவிட்டோம். ஒரு வாரம் கழித்துப் பாதிக்கு மேல் திரும்பி வந்தன. பழைய பாகத்தில் பெயர் இருந்தால்தான் அதை இடம் மாற்ற முடியும். நீக்கப்பட்ட பெயரை மாற்ற எதுவும் இல்லை, புதிதாகப் படிவம் 6 தான் கொடுக்க வேண்டும். முதலில் பட்டியலைப் பார்த்து இரண்டு குவியலாகப் பிரித்திருந்தால் அந்த வாரம் மிச்சம்.

படிவம் 6-க்கு முகவரிச் சான்று வேண்டும். வாடகை ஒப்பந்தம் எழுதித் தர வீட்டுக்காரர்கள் தயங்கினார்கள். மின்சார பில் உரிமையாளர் பெயரில். இங்கே வங்கிக்காரர் படிவத்தின் பின்பக்கக் குறிப்புகளை வரி வரியாகப் படித்தார். விண்ணப்பதாரர் பெயரில் அந்த முகவரிக்குத் தபால் துறை வழியாக வந்த கடிதமும் சான்றாக ஏற்கப்படும் என்று அதில் இருந்தது. எல்.ஐ.சி. பிரீமியம் நோட்டீஸ் வைத்திருந்த நாலு குடும்பத்துக்கு அதுவே போதுமானதாயிற்று. மற்றவர்களுக்கு காஸ் புத்தகம், பாஸ்புக். பி.எல்.ஓ. அம்மா நேரில் வந்து பார்த்தபோது பக்கத்து வீட்டார் சாட்சி சொன்னார்கள். அவரோடு முதலில் இருந்த முறைப்பு அந்த வாரத்தில் போய்விட்டது. "மேடம், எந்தக் கிழமை வருவீங்கன்னு மட்டும் சொல்லுங்க, நாங்க ஆளுங்கள வீட்ல இருக்கச் சொல்றோம்" என்றார் எங்கள் அக்கா. அந்த ஒரு ஏற்பாட்டால் அவருக்கும் அலைச்சல் குறைந்தது, எங்களுக்கும்.

## சொல்ல வேண்டியிருந்த இரண்டு 'முடியாது'

ஊரில் ஒரு ஓட்டு, இங்கே ஒரு ஓட்டு என்று வைத்துக்கொள்ளக் கேட்டவர்கள் இருந்தார்கள். "அங்க பொங்கலுக்குப் போறோம், நிலம் இருக்கு, அதுவும் இருக்கட்டுமே" என்றார் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கட்டடத் தொழிலாளி ஒருவர். அவருக்கு ஊர்ப் பட்டியலில் இருக்கும் பெயர்தான் 'நான் அந்த ஊர்க்காரன்' என்பதற்கு மிச்சமிருக்கும் சாட்சி. அது எங்களுக்குப் புரிந்தது. ஆனால் ஒருவர் ஒரு தொகுதியில் மட்டுமே பதிந்திருக்க முடியும். படிவத்தில் பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஒரு வருடம் வரை சிறை உண்டு. பழைய பதிவை மறைத்து நிரப்பித் தர மாட்டோம் என்று சொன்னோம். இரண்டு குடும்பங்கள் ஊர் ஓட்டையே வைத்துக்கொண்டன. கொஞ்ச நாள் எங்களோடு பேசவும் இல்லை. இந்த முடிவை இன்றைக்கும் மாற்ற மாட்டேன்.

இரண்டாவது முடியாது, எங்கள் மாணவிக்கே. அவளுக்கு 2019 மார்ச்சில் பதினெட்டு முடிந்திருந்தது. டிசம்பரில் பதினெட்டே முக்கால் வயது. ஆனால் அந்தப் பட்டியலுக்குத் தகுதி நாள் 2019 ஜனவரி 1. அன்றைக்குப் பதினெட்டு நிறைந்திருந்தால்தான் பெயர் சேரும். தெரு முழுக்கப் பெயர் வாசித்தவள் அதைக் கேட்டுவிட்டு, "சரி, அடுத்த வீட்டுக்குப் போலாம் அங்கிள்" என்றாள்.

## வாக்குப்பதிவு நாள் விடுமுறை

நவம்பர் நடுவில் கார்மெண்ட்ஸ் அக்கா எழுப்பிய பிரச்சினையை எங்களில் மற்ற நாலு பேரும் யோசித்திருக்கவே இல்லை. பொதுத் தேர்தலில் ஊரே விடுமுறை. இதில் பெங்களூரில் சிவாஜிநகர், கே.ஆர். புரம், யஷ்வந்தபுரம், மகாலட்சுமி லேஅவுட் ஆகிய நாலு தொகுதிக்கு மட்டும்தான் வாக்குப்பதிவு. எங்கள் தெருப் பெண்கள் வேலைக்குப் போவது இந்திராநகர் அடுக்குமாடிகளுக்கும் ஊரின் மறுகோடியில் உள்ள ஆலைகளுக்கும். அங்கெல்லாம் அது சாதாரண வியாழக்கிழமை. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து வாக்களி என்று யாரிடம் சொல்வது?

1951 சட்டத்தின் பிரிவு 135பி இதற்குத்தான். தொழில், வணிகம், ஆலை அல்லது வேறு நிறுவனத்தில் வேலை செய்யும் வாக்காளருக்குத் தேர்தல் நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும். இடைத்தேர்தலுக்கும் இது பொருந்தும். வேலை செய்யும் இடம் தொகுதிக்கு வெளியே இருந்தாலும் பொருந்தும். மீறினால் அபராதம் 500 ரூபாய்தான். அதைச் சொல்லிப் பயமுறுத்தினால் வேலை நடக்காது என்று அக்கா சொன்னார். ஆகவே கன்னடத்தில் ஒரு பணிவான விண்ணப்பம் எழுதினோம். பிரிவு எண், தேர்தல் தேதி, தொழிலாளியின் வாக்காளர் எண், கீழே கையெழுத்து. ஒவ்வொருத்தியும் தன் கையால் கொடுக்க வேண்டும், இரண்டு வாரம் முன்பே கொடுக்க வேண்டும்.

ஓர் ஆலை முழு விடுமுறை கொடுத்தது. இன்னொன்று மதியத்துக்கு மேல் அனுமதி கொடுத்து அரைச் சம்பளம் பிடித்தது. வீட்டு வேலை செய்பவர்களுக்கு இந்தப் பிரிவை நீட்ட எங்களுக்குத் துணிச்சல் வரவில்லை. வீடு 'நிறுவனம்' ஆகுமா என்று வாதாடுவதைவிடக் கேட்டுப் பார்ப்பது எளிது. கேட்டவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது. கேட்கவே கூசியவர்கள் வேலைக்குப் போனார்கள்.

## டிசம்பர் 5

காலை 7 முதல் மாலை 6 வரை. காலையில் நிதானமாக நடந்தது. ஏப்ரலில் சண்டை போட்ட அண்ணன் முதல் ஆளாகப் போய், விரலில் மை வாங்கிக்கொண்டு வந்து ஆட்டோ எடுத்தார்.

சிக்கல் மதியம் வந்தது. எண்பதைத் தாண்டிய பாட்டி ஒருவர், மடித்து முடிந்து வைத்திருந்த வாக்காளர் சீட்டோடு போனார். படம் போட்ட சீட்டு. 2019-க்கு முந்தைய தேர்தல்களில் அதுவே போதும். ஆனால் 2019 பிப்ரவரி கடைசியில் ஆணையம் அதை மாற்றிவிட்டது. சீட்டு மட்டும் அடையாளச் சான்று ஆகாது, வாக்காளர் அட்டையோ ஆணையம் பட்டியலிட்ட வேறு 11 ஆவணங்களில் ஒன்றோ வேண்டும். பாட்டியைத் திருப்பி அனுப்பினார்கள். பேரன் ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு ஓடினான். ரேஷன் கார்டு அந்த 11-இல் இல்லை. மறுபடியும் 'இல்லை'. ஆதார் மகள் வீட்டில், மகள் வேலையில். அவர் வந்து, அலமாரி திறந்து, ஆதார் கிடைத்தபோது ஐந்தே முக்கால். ஆறு மணிக்கு வரிசையில் நிற்பவர்களுக்குக் கடைசி ஆளிலிருந்து தொடங்கி எண்ணிட்ட சீட்டு கொடுப்பார்கள். அதைப் பெற்றவர் வாக்களிக்கலாம். பாட்டிக்கு அது தேவைப்படவில்லை, ஆறுக்குச் சற்று முன் உள்ளே போய்விட்டார். மூன்று தடவை அந்தப் படியை ஏறியவர் வெளியே வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "சீட்டு செல்லாதுன்னு நீங்க ஏன்பா முன்னாடியே சொல்லல?"

நாங்கள் சொல்லவில்லைதான். பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்ததில் இதைத் தவறவிட்டோம்.

## பின்னர்

டிசம்பர் 9 அன்று வாக்கு எண்ணிக்கை. சிவாஜிநகரில் காங்கிரஸின் ரிஸ்வான் அர்ஷத் பா.ஜ.க.வின் எம். சரவணாவை 13 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். இடைத்தேர்தல் நடந்த 15 தொகுதிகளில் பா.ஜ.க.வுக்கு 12, காங்கிரஸுக்கு 2, சுயேச்சைக்கு 1. வாக்குப்பதிவைப் பார்த்தால், ஊருக்கு வெளியே ஒசகோட்டேயில் சுமார் 90 விழுக்காடு. எங்கள் தொகுதியில் பாதிப் பேர்கூட வரவில்லை. நகரத்துக்காரர்களுக்கு அக்கறை இல்லை என்று மறுநாள் எல்லோரும் பேசினார்கள். அக்கறை இல்லாதவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் மூன்று தெருவில் வராதவர்களை எனக்கு முகம் தெரியும். அரைச் சம்பளத்தை இழக்க முடியாதவர், படிவம் திரும்பி வந்தவர், கேட்கக் கூசியவர். நாங்கள் கொடுத்த படிவங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஏறியது. ஏறாதவற்றில் பல, நாங்கள் வீணாக்கிய அந்த ஒரு வாரத்தால் காலக்கெடுவைத் தாண்டியவை.

மறுபடி செய்தால் என்ன மாற்றுவோம்? இறுதிப் பட்டியல் வெளியானதும், தேர்தல் இருக்கிறதோ இல்லையோ, ஒவ்வொரு வருடமும் தெருவின் பெயர்களைச் சரிபார்த்துவிடுகிறோம். ஒரு வீடு இடிபடுகிறது என்று தெரிந்தால் அந்த மாதமே படிவம். தேர்தல் அறிவித்த பிறகு செய்ய மிஞ்சுவது இரண்டுதான்: விடுமுறை விண்ணப்பம், எந்த ஆவணம் செல்லும் என்று வீட்டுக்கு வீடு சொல்லி முதல் நாள் இரவே எடுத்து வைக்கச் செய்வது. விதிகளும் மாறியிருக்கின்றன. 2022 ஆகஸ்ட் முதல் 8ஏ தனியாக இல்லை, வீடு மாற்றமும் படிவம் 8-இலேயே. தகுதி நாளும் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நான்கு மாதங்களின் முதல் தேதியாகிவிட்டது. எண்பது கடந்தவர்களுக்கு 2023 சட்டமன்றத் தேர்தலில் வீட்டிலிருந்தே வாக்களிக்க வழி செய்தார்கள். எங்கள் பாட்டி ஆதாரைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு அந்த அலுவலர்களுக்காகக் காத்திருந்தார்.

மாணவியின் பெயர் அடுத்த பட்டியலிலேயே ஏறிவிட்டது. ஆனால் பெங்களூரு மாநகராட்சித் தேர்தல் 2020-இல் வர வேண்டியது வரவில்லை. 2019 டிசம்பருக்குப் பிறகு சிவாஜிநகரில் நடந்த அடுத்த வாக்குப்பதிவு 2023 மே 10. அன்றைக்கு அவளுக்கு வயது இருபத்திரண்டு. காலை ஏழுக்கே போய் நின்றாள்.